வட்டி யார் கையிலிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி–பதில்: வட்டி தரும் டாலர் ஸ்டேபிள்காயின்கள்

*யூஎஸ்டிசி வாங்கி வெச்சா வட்டி இல்லீங்க. அதையே வேற காயினா மாத்துனா ஒண்ணுல 4 சதவீதம், இன்னொண்ணுல 9, இன்னொண்ணுல 20-ன்னு காட்டுது. எல்லாமே ஒரு டாலர்தானுங்களே, வட்டி மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்?*
— பனியன் கம்பெனி கணக்காளர், திருப்பூர்

வட்டியே தராத காயினிலிருந்து தொடங்குவோம். யூஎஸ்டிசி, யூஎஸ்டிடி இரண்டும் ஸ்டேபிள்காயின்கள், அதாவது ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி வெளியிடப்படும் டிஜிட்டல் காயின்கள். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பணம் சும்மா தூங்கவில்லை. அதில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் குறுகிய காலப் பத்திரங்களில், அதாவது டிரெஷரி பில்களில் இருக்கிறது. வட்டி வருகிறது, ஆனால் அது காயினை வெளியிட்டவருக்குப் போகிறது. யூஎஸ்டிடி வெளியிடும் டெதர் நிறுவனம் 2024-க்கு அறிவித்த லாபம் 1,300 கோடி டாலருக்கு மேல். 2025 ஜூலையில் கையெழுத்தான அமெரிக்காவின் ஜீனியஸ் சட்டம், இப்படிப்பட்ட காயினைக் கையில் வைத்திருப்பதற்காக வெளியீட்டாளர் வட்டி தரக் கூடாது என்கிறது. எனவே வட்டி வேண்டுமென்றால் வேறொரு காயினுக்கோ, வேறொரு பெட்டகத்துக்கோ போக வேண்டும். போகும்போதே ஆபத்தும் மாறிவிடுகிறது.

உங்களுக்குக் காட்டப்படும் வட்டி நான்கு வழிகளில் ஒன்றிலிருந்து வரும், அல்லது அவற்றின் கலவையாக இருக்கும்.

முதல் வழி டிரெஷரி பில். 2023 இறுதியில் இதன் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2025 இறுதியில் 4-க்குக் கீழே வந்துவிட்டது. நிர்வாகக் கட்டணம் போக உங்களுக்கு வருவது அதைவிடச் சற்றுக் குறைவு. நீங்கள் பார்த்த 4 பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது, அடமானக் கடன். நம் ஊர் நகைக்கடன் மாதிரி. ஒருவர் 150 டாலர் மதிப்புள்ள ஈதரை (எதீரியம் வலையின் கிரிப்டோ காயின்) வைத்து 100 டாலர் காயினைக் கடனாக எடுக்கிறார், அவர் கட்டும் வட்டியில் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. டாய் காயினும் அதன் வாரிசான யூஎஸ்டிஎஸ் காயினும் இந்த வழியில் வந்தவை, இப்போது முதல் வழியையும் கலந்துகொண்டவை. நகைக்கடனில் தங்கம் ஒரே நாளில் பாதியாகாது. ஈதர் ஆகும். 2020 மார்ச் 12 அன்று கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அன்று எதீரியம் வலையில் நெரிசல். டாய் காயினை வெளியிட்ட மேக்கர் தளத்தின் அடமான ஏலங்களில் மற்றவர்களால் விலை கேட்கவே முடியாமல், சிலர் பூஜ்ய விலைக்கு ஏலம் எடுத்துப் போனார்கள். 80 லட்சம் டாலருக்கு மேற்பட்ட அடமானம் இலவசமாகக் கைமாறியது. அந்தக் குழியை யார் நிரப்பினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தளம் தன் எம்கேஆர் டோக்கனைப் புதிதாக அச்சிட்டு விற்று நிரப்பியது. அதாவது, கடன் விதிகளுக்கு ஓட்டுப் போட்ட டோக்கன்காரர்களின் பங்கு மதிப்பு கரைந்தது, டாய் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். முடிவெடுப்பவர் நட்டத்தைத் தாங்கும் ஏற்பாடு அங்கே வேலை செய்தது.

மூன்றாவது வழியை மஞ்சள் மண்டி தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. கையில் ரொக்கத்துக்கு மஞ்சள் வாங்கிக் கிட்டங்கியில் வைத்துவிட்டு, அதே அளவை முன்பேர சந்தையில் கூடுதல் விலைக்கு விற்றுவிடுகிறீர்கள். மஞ்சள் ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்குக் கவலை இல்லை, நடுவில் இருக்கும் விலை வித்தியாசம் உங்களுடையது. எத்தீனா வெளியிடும் யூஎஸ்டிஇ இப்படித்தான் ஓடுகிறது: ஈதர், பிட்காயின் கையில், அதே அளவுக்கு பெர்பெச்சுவல் சந்தையில், அதாவது காலாவதித் தேதி இல்லாத முன்பேர சந்தையில், ஷார்ட் (விற்ற நிலை). ஏற்றத்தை நம்பி லாங் போடுகிறவர்கள், அதாவது வாங்கும் பக்கம் நிற்பவர்கள், பல சந்தைகளில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஷார்ட் போட்டவருக்கு ஃபண்டிங் என்ற தொகையைக் கட்டுகிறார்கள். சந்தை உற்சாகமாக இருக்கும்போது இந்த வரவு கொழிக்கும். சோர்ந்தால் கை மாறி, ஷார்ட் போட்டவர் கட்ட வேண்டி வரும். அந்த நாட்களைக் கடக்கத்தான் காப்பு நிதி வைக்கிறார்கள். அதன் பலத்தை நீங்களே கணக்குப் போடலாம். காயின் மொத்தத்தில் காப்பு நிதி 1 சதவீதம், ஃபண்டிங் ஆண்டுக்கு மைனஸ் 10 சதவீதம் என்று நின்றால், அந்த நிதி 36 நாள் தாங்கும்.

நான்காவது வழி, வட்டி என்ற பெயரில் தரப்படும் விளம்பரச் செலவு. டெர்ராவின் யூஎஸ்டி (UST) என்ற டாலர் காயினை ஆங்கர் என்ற கடன் தளத்தில் போட்டால் 20 சதவீதத்தை ஒட்டித் தந்தார்கள். கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலரை வெளியிலிருந்து கொண்டுவந்து காப்பு நிதியில் கொட்டினார்கள். மே மாதம் எல்லாம் சரிந்தது. சரிவதற்கு முன் அந்தக் காயினின் மொத்த மதிப்பு சுமார் 1,800 கோடி டாலர், அதில் பெரும்பகுதி ஆங்கரில்தான் கிடந்தது. காயினுக்கு வேறு உபயோகமே உருவாகவில்லை. வட்டிதான் அதன் ஒரே உபயோகமாக இருந்தது.

அடுத்த முறை ஒரு விகிதத்தைப் பார்த்தால், அதிலிருந்து டிரெஷரி பில் வட்டியைக் கழியுங்கள். மீதி இருப்பது நீங்கள் சுமக்கும் ஆபத்துக்கான கூலி. 9-ல் 4 போனால் 5. எந்த ஆபத்துக்கு அந்த 5 என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் பணத்தைப் போடாதீர்கள்.

*எஸ்-யூஎஸ்டிஇ காயினை அடமானம் வைத்து யூஎஸ்டிசி கடன் வாங்கி, அதில் மறுபடி அதே காயினை வாங்கி, மறுபடி அடமானம் வைக்கும் 'லூப்பிங்' செய்கிறேன். 18 சதவீதம் வருகிறது. இரண்டுமே டாலர்தானே, இதில் என்ன ஆபத்து?*
— மென்பொருள் பொறியாளர், சரவணம்பட்டி

எஸ்-யூஎஸ்டிஇ என்பது மேலே சொன்ன யூஎஸ்டிஇயைப் பூட்டி வைத்தால் கிடைக்கும், வட்டி தரும் வடிவம். 18 எப்படி வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் பணம் 1 லட்சம், சுற்றிச் சுற்றி 4 லட்சத்துக்குக் காயின், 3 லட்சம் கடன் என்று வையுங்கள். காயின் 9 சதவீதம் தந்தால் வரவு 36,000. கடனுக்கு 6 சதவீதம் என்றால் செலவு 18,000. மீதி 18,000. இப்போது சந்தை சோர்ந்து காயின் 5 சதவீதத்துக்கு இறங்குகிறது, கடன் வட்டி 8-க்கு ஏறுகிறது. வரவு 20,000, செலவு 24,000. நீங்கள் கைக்காசு போட்டு நடத்துகிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். வட்டி இறங்கியதும் எல்லோரும் லூப்பை அவிழ்க்க ஓடுவார்கள், கடன் கொடுத்தவர்களும் பயந்து பணத்தை எடுப்பார்கள், கடன் குளத்தில் காசு வற்றும். இருப்பில் சுமார் 90 சதவீதம் கடனாகப் போன பிறகு வட்டி செங்குத்தாக ஏறும்படிதான் பெரும்பாலான தளங்களில் விதி எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது விலை. 4 மடங்கில் உங்கள் கடன்–அடமான விகிதம் 75. லிக்விடேஷன் எல்லை, அதாவது தளமே உங்கள் அடமானத்தை விற்றுக் கடனைக் கலைத்துவிடும் எல்லை, 85 என்றால் காயின் விலை 11.8 சதவீதம் இறங்கும்வரை தாங்கும். 5 மடங்கில் 5.9 சதவீதம்தான். 10 மடங்கு போட்டு எல்லை 92 என்றிருந்தால், 2.2 சதவீதச் சரிவு போதும்.

"அது ஒரு டாலருக்குக் கீழே போகாதே" என்று சொல்லாதீர்கள். 2025 அக்டோபர் 10 அன்று கிரிப்டோ சந்தைகளில் 1,900 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்த நிலைகள் கலைக்கப்பட்டன. அப்போது பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தையில் யூஎஸ்டிஇ சுமார் 65 சென்ட் வரை விழுந்தது. அதே நேரம் மற்ற இடங்களில் அது ஒரு டாலரை ஒட்டியே இருந்தது, மீட்பும் நடந்துகொண்டிருந்தது. காயினின் இருப்பில் குறை இல்லை. பைனான்ஸ் தன் சொந்தச் சந்தையில் நடந்த விற்பனை விலையையே அடமான மதிப்பாக எடுத்துக்கொண்டதால், யூஎஸ்டிஇயை மார்ஜினாக, அதாவது கடன் வர்த்தகத்துக்கு ஈடாக, வைத்தவர்கள் கலைக்கப்பட்டார்கள். பைனான்ஸ் பிறகு சுமார் 28 கோடி டாலர் இழப்பீடு தந்தது. எல்லாச் சந்தையும் தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே காயின் நல்லதா என்பதோடு, நீங்கள் அடமானம் வைத்த இடத்தின் ஆரக்கிள், அதாவது தளத்துக்கு விலையைச் சொல்லும் கருவி, எந்த விலையைப் படிக்கிறது என்றும் பாருங்கள். ஆவே போன்ற கடன் தளங்களில் யூஎஸ்டிஇயின் விலையை யூஎஸ்டிடியோடு கட்டி வைத்தார்கள். அதனால் அன்றைய கலவரத்தில் அங்கே கடன் வாங்கியவர்கள் கலையவில்லை. ஆனால் நாளை உண்மையிலேயே இருப்பு ஓட்டையானால், அதே ஏற்பாடு நட்டத்தைக் கடன் கொடுத்தவர் தலையில் இறக்கும். அந்தக் கடன் குளத்தில் யூஎஸ்டிசி போட்டு 'பத்திரமான' 5 சதவீதம் வாங்கும் உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எஸ்-யூஎஸ்டிஇயை முறைப்படி மீட்க 7 நாள் காத்திருக்க வேண்டும். கலைப்பு நிமிடங்களில் நடக்கும். இடையில் உங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் சந்தையில் கிடைத்த விலைக்கு விற்பது. லூப் போட்டே ஆவேன் என்றால் 2.5 மடங்குக்கு மேல் வேண்டாம். கடனில் 10 சதவீதத்துக்குச் சமமான யூஎஸ்டிசியைத் தொடாமல் அதே வாலட்டில் (காயின் வைக்கும் டிஜிட்டல் பணப்பை) வையுங்கள். ஏழு நாள் சராசரியில் கடன் வட்டி காயின் வட்டியைத் தாண்டினால் அன்றே அவிழ்க்கத் தொடங்குங்கள், "நாளைக்குத் திரும்பிடும்" என்று உட்கார வேண்டாம்.

*பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஆப்பில் சேரச் சொல்கிறார். போட்ட பணத்துக்கு வட்டி, அதோடு 'பாயிண்ட்', நான் பத்துப் பேரைச் சேர்த்தால் அவர்கள் பணத்தில் 5 சதவீதம் எனக்கு. சேரலாமா?*
— இல்லத்தரசி, பெருந்துறை

வேண்டாம். பெருந்துறைக்காரருக்கு இதை விளக்க வெளியூர் உதாரணமே தேவையில்லை. ஈமு கோழிக்கு மாதப் பராமரிப்புத் தொகை வந்துகொண்டிருந்தவரை யாரும் அந்தப் பறவையின் கறியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்கவில்லை. கறிக்கும் எண்ணெய்க்கும் சொன்ன அளவுக்குச் சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணமே பழையவருக்குப் பராமரிப்புத் தொகையாகப் போனது. 2012-ல் சேர வருபவர் குறைந்ததும் தீவனத்துக்கே காசில்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன.

பாயிண்ட் தருவதெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. நேர்மையான தளங்களும் தொடக்கத்தில் பாயிண்ட் தந்து பிறகு டோக்கனாக மாற்றியிருக்கின்றன. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும். பாயிண்டை நீக்கிவிட்டால் மீதி வட்டி எவ்வளவு? இன்றோடு ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை என்றால் அந்த மீதி அடுத்த மாதமும் வருமா? உங்கள் அக்காவிடம் கேளுங்கள். 5 சதவீதம் கமிஷன் என்பது ஒரு வருட டிரெஷரி பில் வட்டியைவிட அதிகம். அதைச் சேர்த்த அன்றே தூக்கிக் கொடுப்பவர் எங்கிருந்து எடுப்பார்? இன்னும் ஒன்று, உங்களை நம்பிச் சேரும் அந்தப் பத்துப் பேரும் உங்கள் உறவும் தெருவும்தான்.

*'வால்ட்' ஒன்றில் பணம் போட்டால் க்யூரேட்டர் என்று ஒருவர் பல தளங்களில் பிரித்துப் போடுகிறார், லாபத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறார். நியாயமான ஏற்பாடுதானே?*
— கறிக்கோழிப் பண்ணையாளர், பல்லடம்

உங்கள் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, கோழி விலை இறங்கினால் அடி அவர்களுக்கு. உங்களுக்கு வளர்ப்புக் கூலி. தீவன மாற்று விகிதம் கெட்டாலோ சாவு கூடினாலோ கூலி குறையும், அதனால் நீங்களும் ராத்திரி எழுந்து கொட்டகையைப் பார்க்கிறீர்கள். வால்ட்டில் இது தலைகீழ். பணம் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. நடத்துகிறவருக்கு லாபத்தில் மட்டும் பங்கு.

1 கோடி சேர்ந்த ஒரு வால்ட் முதல் ஆண்டு 30 லட்சம் லாபம் காட்டினால் அவர் 6 லட்சம் எடுக்கிறார். அடுத்த ஆண்டு 40 லட்சம் நட்டம். போட்டவர்களிடம் மிஞ்சுவது 84 லட்சம், அந்த 6 லட்சம் திரும்பி வராது. இப்படி இருந்தால் அவர் ஏன் அடக்கி வாசிப்பார்? பெரிய வட்டியைக் காட்டினால்தான் அதிகப் பணம் வரும், அதிகப் பணம் வந்தால்தான் அவர் பங்கு பெருகும்.

2025 நவம்பரில் ஸ்ட்ரீம் ஃபைனான்ஸ் என்ற தளம் இதைத்தான் காட்டியது. வெளியே ஒரு நிதி மேலாளரிடம் கொடுத்த பணத்தில் சுமார் 9.3 கோடி டாலர் போய்விட்டது என்று அறிவித்து, எடுப்பதை நிறுத்தினார்கள். அவர்களின் எக்ஸ்-யூஎஸ்டி என்ற டாலர் காயின் பாதி மதிப்புக்கும் கீழே போனது. அந்தக் காயினை அடமானமாக ஏற்ற வால்ட்களும், அதோடு பணத்தைச் சுற்றிச் சுற்றிக் கடன் கொடுத்திருந்த டி-யூஎஸ்டி என்ற இன்னொரு காயினும் சேர்ந்து விழுந்தன. ஒரே டாலர் இரண்டு மூன்று கணக்கில் இருப்பாக எழுதப்பட்டிருந்ததால் வெளியிலிருந்து பார்த்தபோது எல்லாமே கொழுத்துத் தெரிந்தது.

கேட்க வேண்டியவை இவை. க்யூரேட்டரின் சொந்தப் பணம் எவ்வளவு, நட்டம் வந்தால் அது முதலில் கரையுமா? லாபப் பங்கு எடுப்பதற்கு முன் பழைய உச்சத்தைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? புதிய அடமானத்தைச் சேர்க்க நினைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதற்குள் உங்களால் வெளியேற முடியுமா? முதல் நட்டம் அவருடையது என்றால் அவரும் ராத்திரி எழுந்து பார்ப்பார்.

*வரி போக உண்மையில் என்ன மிஞ்சும்?*
— மஞ்சள் வியாபாரி, ஈரோடு

5 லட்சம் ரூபாய்க்குக் கணக்குப் போடுவோம். வங்கி டாலர் 88 ரூபாய், அதே டாலர் காயின் இங்கே 91 என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் டாலர் காயின் வங்கி விலையைவிடச் சில ரூபாய் கூடுதலாக விற்பது சகஜம். 91-க்கு 5,494 காயின் கிடைக்கும். 5 சதவீத வட்டியில் ஓராண்டில் 5,769. விற்கும்போதும் 91 கிடைத்தால் 5,25,000. லாபம் 25,000, அதில் 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம், 7,800. மிச்சம் 17,200, அதாவது 3.4 சதவீதம். அந்தக் கூடுதல் விலை மறைந்து 88-க்கு விற்க நேர்ந்தால் கிடைப்பது 5,07,692. வரி போக லாபம் 5,300-ஐ ஒட்டி வரும், 1 சதவீதம். பரிவர்த்தனைக் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க அனுமதி கிடையாது.

ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொரு காயின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. காயினைக் காயினாக மாற்றுவதும் விற்பனைதான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு வேண்டும். 1 சதவீத டிடிஎஸ் மொத்தத் தொகையில் பிடிக்கப்படும். அது பிறகு வரியில் கழியும், ஆனால் அடிக்கடி மாற்றுகிறவரின் முதல் அதுவரை முடங்கிக் கிடக்கும். வட்டி இரண்டு விதமாக வரும், சில காயின்களில் விலை மெல்ல ஏறும், சிலவற்றில் தினமும் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடும் வகையில் தினசரி வரவையும் அன்றைய ரூபாய் மதிப்பையும் எழுதி வைக்காமல் ஆடிட்டரிடம் போகாதீர்கள்.

*வெளிநாட்டு பையர் இன்வாய்ஸ் பணத்தை யூஎஸ்டிசியாக அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?*
— ஏற்றுமதியாளர், திருப்பூர்

வாங்காதீர்கள். ஏற்றுமதிப் பணம் அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாக வர வேண்டும். வாலட்டுக்கு வந்தால் இ-பிஆர்சி என்ற வங்கியின் ஏற்றுமதி வரவுச் சான்று கிடைக்காது, ஷிப்பிங் பில் வரவு ஆகாததாகவே நிற்கும், டிராபேக் என்ற சுங்க வரித் திரும்பளிப்பும் ஜிஎஸ்டி ரீஃபண்டும் திரும்பக் கேட்கப்படலாம். பையர் பக்கம் காயின் இருந்தால் அவர் ஊரிலேயே டாலராக்கி வங்கியில் அனுப்பட்டும்.

*ஓய்வுபெற்ற பணம் 10 லட்சம் இருக்கிறது. அக்கா பையன் இதில் போடச் சொல்கிறான்.*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபி

போட வேண்டாம் ஐயா. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. இரண்டு வங்கியில் பிரித்தால் உங்கள் அசல் முழுவதும் காப்புக்குள் வரும், வட்டியை மாதாமாதம் எடுத்துக்கொள்ளுங்கள். காயினுக்கு அப்படி எந்தக் காப்பும் இல்லை. மேலே ஈரோடு வாசகருக்குப் போட்ட கணக்கை உங்கள் மருமகனிடம் காட்டுங்கள், டெபாசிட்டே அதிகம் தரும்.

*எல்லாம் தெரிந்துகொண்டு, தொலைந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையை மட்டும் போடப் போகிறேன். எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும்?*
— தென்னை விவசாயி, பொள்ளாச்சி

நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான இந்தியச் சந்தையில், உங்கள் பெயரிலுள்ள கணக்கிலிருந்து மட்டும் பணம் அனுப்பி வாங்குங்கள். டெலிகிராமில் முன்பின் தெரியாதவரிடம் வாங்கினாலோ விற்றாலோ, அவர் பணம் ஏதாவது சைபர் புகாரில் சிக்கியிருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் சேர்ந்து முடங்கும். பருத்திப் பணம், கொப்பரைப் பணம் வரும் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒன்று வையுங்கள். வாங்கியதை அந்தச் சந்தையிலேயே குவித்து வைக்கவும் வேண்டாம். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோய், வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கு மேல் தங்கள் சொத்தைத் தொட முடியாமல் இருந்தார்கள்.

பிறகு காயினின் ஒப்பந்த முகவரி, அதாவது அதை இயக்கும் நிரலின் முகவரி. தேடல் பக்கத்தில் விளம்பரமாக வரும் இணைப்பைத் தொடாமல், வெளியீட்டாளரின் தளத்திலிருந்து எடுத்து, முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிடுங்கள். இருப்பு அறிக்கை எந்தத் தேதியிட்டது, பணம் எந்த எந்த இடத்தில் இருக்கிறது என்று படியுங்கள். இருப்பு நல்லதாக இருந்தாலும் அது இருக்கும் இடம் கவிழலாம். 2023 மார்ச்சில் யூஎஸ்டிசி இருப்பில் 330 கோடி டாலர் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியதும், காயின் 88 சென்டுக்குக் கீழே போய், அமெரிக்க அரசு டெபாசிட்டுகளுக்குப் பொறுப்பேற்ற பிறகுதான் மீண்டது. யூஎஸ்டிசியை இருப்பாக வைத்திருந்த டாயும் கூடவே இறங்கியது.

அடுத்தது வெளியேறும் வழி. நேரடியாக வெளியீட்டாளரிடம் மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டா, பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமா? காத்திருப்பு எத்தனை நாள்? சந்தையில் நீங்கள் போடும் தொகையைப் போல நூறு மடங்கை விற்பதாக அளவைத் தட்டிப் பாருங்கள், விற்க வேண்டாம், விலை எவ்வளவு சரிகிறது என்று திரை காட்டும். அரை சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அந்தக் குளம் ஆழமில்லை. கடன் தளம் என்றால் இருப்பில் எவ்வளவு கடனாகப் போயிருக்கிறது என்று பாருங்கள். 95 சதவீதம் போயிருந்தால் நூறு பேரில் ஐந்து பேர்தான் இன்று எடுக்க முடியும்.

ஒப்பந்தத்தை மாற்றும் சாவி யார் கையில், மாற்ற எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்பதையும் பாருங்கள். காத்திருப்பே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் சரியென்றால், நினைத்த தொகையில் ஐம்பதில் ஒரு பங்கை முதலில் போடுங்கள். வாலட் அனுமதி கேட்கும்போது 'வரம்பற்ற' என்று வரும், அதை மாற்றி அந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து முழுவதையும் எடுத்து, ரூபாயாக்கி, வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்து, எவ்வளவு கழிந்தது, எத்தனை நாள் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள். மீதிப் பணத்தைப் பற்றி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.